சரக்கு வண்டியைத் தவணை தவறாது பராமரித்தல்

திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவிலும், லால்குடி, முசிறி, தொட்டியம் முதலிய தாலுகாக்களிலும் வாழை, வெற்றிலை, புஷ்பம் ஆகியவை சாகுபடி செய்யப்பட்டு வருகின்றன. இவற்றுள் எதுவும் நெல்லைப்போலப் பத்தாயத்தில் கொட்டி வைத்து, விலை ஏறும்வரை காத்திருந்து விற்கத்தக்க பொருளன்று. வெட்டிய வாழைத்தார் வெட்டிய நாள் முதலே பழுக்கத் தொடங்குகிறது. விடியுமுன் பறித்த மல்லிகை, ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையைக் காலையில் அடையாவிடில், பொழுது ஏற ஏற விலை இழக்கிறது. ஆதலின் இவ்விவசாயிகளுக்கு நிலம், நீர், எரு ஆகியவற்றுக்கு அடுத்தபடி இன்றியமையாத சாதனம், சரக்கை உரிய வேளையில் சந்தையில் சேர்க்கும் வண்டியேயாகும்.

முற்காலத்தில் இவ்வேலையை மாட்டு வண்டிகளே செய்தன. பின்னர் லாரிகள் வந்தன. 2005-ஆம் ஆண்டில் டாடா கம்பெனியார் 'ஏஸ்' என்னும் நான்கு சக்கரச் சிறு வண்டியை வெளியிட்டனர். தமிழ்நாட்டு ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயரிட்டனர். 2011-இல் அசோக் லேலண்டு கம்பெனியாரின் 'தோஸ்த்' வந்தது. மஹிந்திரா கம்பெனியாரின் 'பொலிரோ' பிக்கப் வண்டியும் கிராமப் பாதைகளில் மிகுதியாக ஓடுகிறது. லாரி நுழையாத வாய்க்கால் கரையிலும் நுழைந்து, தோட்டத்தின் ஓரத்திலேயே பாரம் ஏற்றிக்கொள்ள முடிவதால், இவ்வகை வண்டிகளைச் சொந்தமாகவோ கூட்டாகவோ வாங்கி வைத்துக்கொள்ளும் விவசாயிகள் பலராவர்.

வண்டி வாங்குவதில் காட்டும் ஊக்கத்தை அதைப் பராமரிப்பதில் பலரும் காட்டுவதில்லை. ஓடுகிற வண்டியை எதற்காகப் பட்டறைக்கு விடுவது என்பதே வழக்கமான எண்ணம். இவ்வெண்ணம் நஷ்டத்தை விளைவிக்கும் விதத்தையும், தவணைப் பராமரிப்பை விவசாய வேலையின் பருவங்களோடு பொருத்தி நடத்தும் விதத்தையும் இக்கட்டுரை எடுத்துக் கூறும்.

நஷ்டக் கணக்கு

முக்கால் டன் பாரத்துக்கு அனுமதி பெற்ற ஒரு சிறு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். பூவன் தார் ஒன்று 15 கிலோகிராம் எடையுள்ளதெனின், அவ்வண்டியில் 50 தார் ஏற்றலாம். தார் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாரத்தின் மதிப்பு 15,000 ரூபாயாகும். வழியில் எஞ்சினின் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டால், பெல்ட்டின் விலை அத்தொகையில் ஒரு சிறு பங்கே. ஆனால் அன்று ஏலம் தப்பிவிடும். தார்கள் வேறு வண்டிக்கு மாற்றப்படும்போது காய்கள் அடிபட்டுக் கறுக்கும். தார்ப்பாயின் கீழ் வெயிலில் கிடக்கும் காய்களில் வெப்பம் ஏறும். வாழைக்காய் தானே வெளிவிடும் எதிலின் என்னும் வாயு, காற்றோட்டமற்ற பாரத்துக்குள் தேங்கிப் பழுத்தலை விரைவுபடுத்தும். மறுநாள் காந்தி மார்க்கெட்டுக்குச் சென்று சேரும் சரக்கு, முதல் நாள் வெட்டிய தரத்தில் இராது. இழுவைக் கூலி, ஆட்கூலி, அவசரத்தில் சொன்ன விலைக்கு வாங்கும் உதிரிச் சாமான் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், தவணையில் செய்திருக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டதனால் மிச்சமானது ஒன்றுமில்லை என்பது விளங்கும்.

முற்கால வழக்கம்

வருமுன் காக்கும் இவ்வழக்கம் நம் விவசாயிகளுக்குப் புதியதன்று. மாட்டு வண்டிக்காரர், வைக்கோலைக் கரித்து எண்ணெயிற் குழைத்த மசகைக் கையோடு வைத்திருந்தார். அச்சு கிரீச்சிடும்வரை காத்திராமல் அதை இட்டு வந்தார். லாடம் தேய்ந்து மாடு நொண்டும்வரை அவர் பார்த்திருப்பதில்லை. கோடையில் மரம் காய்ந்து சக்கரப் பட்டை தளருமுன் அதைக் கழற்றி இறுக்கிப் போட்டார்.

மோட்டார் வண்டிகள் வந்த பின்னும் இப்பாடம் மாறவில்லை. மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் தொடங்கிய பஸ் போக்குவரத்து நேரந் தவறாமைக்குப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதானபோது, மரக்கரியை எரித்து உண்டாக்கும் வாயுவால் பஸ்களும் லாரிகளும் ஓட்டப்பட்டன. அவ்வாயுவிலுள்ள சாம்பலையும் தூசியையும் வடிகட்டும் சாதனத்தை அடிக்கடி சுத்தம் செய்யாவிடில் எஞ்சின் தேய்ந்துபோகும். ஆகவே அக்காலத்து டிரைவர்களுக்குப் பராமரிப்பு என்பது அன்றாடக் கடமையாயிருந்தது. இக்காலத்து வண்டி பல நாள் கவனிப்பின்றி ஓடும் வல்லமை பெற்றுள்ளது. கவனிப்பே வேண்டியதில்லை என்னும் மயக்கம் உண்டாவதற்கு அந்த வல்லமையே காரணமாகிவிட்டது.

தவணையைக் கணக்கிடும் விதம்

வண்டியோடு கொடுக்கப்படும் கையேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும்: இத்தனை கிலோமீட்டர், அல்லது இத்தனை மாதம், இவற்றுள் எது முந்தி வருகிறதோ அதுவே தவணை. இந்தக் கடைசி வாசகத்தையே பலர் கவனியாது விடுகின்றனர்.

ஒரு வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று கையேடு கூறுவதாகக் கொள்வோம். முசிறியிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போகவர நாளொன்றுக்கு 80 கிலோமீட்டராக, மாதம் 25 நாள் ஓடும் வண்டி 2,000 கிலோமீட்டர் ஓடிவிடும். ஐந்தே மாதத்தில் தவணை வந்துவிடுகிறது. ஸ்ரீரங்கம் தீவிலேயே தோட்டமுள்ள ஒருவரின் வண்டியோ, நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டு முழுவதும் 6,000 கிலோமீட்டரே ஓடும். அவர் மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் இருபது மாதம் கழித்தே வண்டியைப் பட்டறைக்கு விடுவார். ஆனால் ஓராண்டு முடிந்த அன்றே அவருடைய தவணை வந்துவிட்டது.

வழி மாறினாலும் கணக்கு மாறும். ஸ்ரீரங்கத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் காவேரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. அதன் இணைப்புகளையும் தாங்கிகளையும் செப்பனிடும் பொருட்டு, 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை அதன்மேல் மோட்டார் வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அம்மாதங்களில் தீவிலிருந்து நகருக்குச் சென்ற சரக்கு வண்டிகள் சுற்றுவழியே செல்ல நேர்ந்தது. ஓடிய தூரம் கூடியபோது தவணையும் அதற்கேற்ப முந்தியது. அசையாது நிற்கும் பாலத்துக்கே அதன் உறுப்புகளைக் காலத்தில் மாற்றுவது அவசியமாயின், ஓயாது அதிரும் வண்டிக்கு அது எத்துணை அவசியம் என்று சொல்ல வேண்டுவதில்லை.

இன்னுமொன்று. புழுதிப் பாதை, முழுப் பாரம், குறுகிய தூர ஓட்டம், அடிக்கடி நின்று புறப்படுதல் ஆகியவற்றைக் கையேடுகள் கடின உபயோகம் என்று தனியே குறித்து, அதற்குக் குறைந்த தவணையைக் கூறுவது வழக்கம். விவசாயியின் வண்டிக்கு இவை நான்கும் பொருந்தும். ஆகவே கையேட்டில் கடின உபயோகத்துக்கென்று தரப்பட்டுள்ள அளவையே பின்பற்றல் வேண்டும்.

எஞ்சின் எண்ணெய்

எஞ்சினுள் உராயும் பாகங்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பதும், வெப்பத்தை வாங்கிச் செல்வதும், கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்திக்கொள்வதும் எண்ணெயின் வேலைகள். நாளாக ஆக அது இவ்வேலைகளைச் செய்யும் சக்தியை இழக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் எண்ணெய் கெடுமா என்று கேட்பவர் உண்டு. பூச்சந்தைக்காக விடியுமுன் புறப்பட்டு, சில கிலோமீட்டர் சென்று நிறுத்தப்படும் வண்டியின் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதேயில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் எண்ணெயில் படிகிறது. எரியாத எரிபொருளும் சிறிது கலக்கிறது. நெடுந்தூரம் ஓடும் எஞ்சினில் சூட்டினால் நீங்கிவிடும் இவ்வசுத்தங்கள், குறுந்தூர வண்டியில் தங்கிவிடுகின்றன. மாதக் கணக்கும் குறிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் மாற்றும்போது எண்ணெய்ப் பில்டரையும் தவறாது மாற்றவேண்டும். 2020 ஏப்ரல் முதல் தேதி முதற்கொண்டு விற்கப்பட்ட பாரத் ஸ்டேஜ் 6 தர டீசல் வண்டிகளில், புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. எரிந்தபின் மிகுதியாகச் சாம்பல் விடும் எண்ணெய் இவ்வடிகட்டியை அடைத்துவிடும். ஆதலால் விலை குறைவு என்பதற்காகக் கையேட்டில் கூறாத எண்ணெயை ஊற்றலாகாது.

வாரம் ஒருமுறை, சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அளவுக் குச்சியை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுத்து, எண்ணெய் இரு குறிகளுக்கும் இடையே நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். எண்ணெய் கறுத்திருப்பது டீசல் எஞ்சினில் இயல்பு; அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளதென்று அறிந்து, வண்டியை ஓட்டாது மெக்கானிக்கை அழைக்கவேண்டும்.

கழித்த எண்ணெயை உய்யக்கொண்டான் போன்ற பாசன வாய்க்காலிலோ, தோட்டத்து மண்ணிலோ கொட்டுதல் பெருங்கேடு. அது நீர்மேல் படலமாகப் பரவிக் காற்றுப் புகாது தடுக்கும். மண்ணிற் கலந்தால் பயிரின் வேருக்குத் தீங்கு செய்யும். அதைத் தகரத்தில் சேர்த்து, முறைப்படி வாங்கிச் செல்வோரிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைப்பதே தக்கது.

காற்றும் டீசலும்

ஆற்றங்கரைப் பாதைகளின் நுண்மணலும், களத்துமேட்டின் பதரும் காற்றுப் பில்டரை விரைவில் அடைத்துவிடுகின்றன. அடைபட்ட பில்டரால் எஞ்சினுக்குப் போதிய காற்றுக் கிடையாது, கரும்புகை எழும், இழுவை குன்றும், டீசல் செலவு கூடும். பில்டரைக் கழற்றி விட்டு ஓட்டுவது இதனினும் கேடானது. மணல் நேரே உள்ளே சென்று சிலிண்டரை அராவிவிடும். அறுவடைக் காலத்தில் பில்டரை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்த்து, அழுக்கேறியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் தங்குவதற்கு ஒரு கிண்ணமும், அதை வடிப்பதற்கு ஒரு திருகும் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. மழைக்காலத்தில் இதைத் திறந்து நீரை வடித்துவிடுவது சில நிமிஷ வேலையே. இது செய்யப்படாவிடில் தண்ணீர் டீசலோடு சென்று பம்பையும் இன்ஜெக்டர்களையும் துருவேற்றும். அவற்றைப் புதுப்பிக்க ஆகும் செலவு பல தவணைச் செலவுகளுக்கு ஈடாகும்.

வெயிலும் ரேடியேட்டரும்

சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சிராப்பள்ளியின் பகல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. முழுப் பாரத்தோடு மெதுவாக ஊரும் வண்டியின் ரேடியேட்டருக்கு இதுவே சோதனைக் காலம். கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் கரைந்துள்ள உப்புகள், கொதிபாத்திரத்தின் அடியிற் படிவதுபோல் ரேடியேட்டர் குழாய்களிலும் படிந்து வழியை அடைக்கின்றன. கூலண்ட் எனப்படும் திரவம் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது. குறைந்த அளவுக்கு வெறுந் தண்ணீரை ஊற்றி ஊற்றிச் சமாளித்தால் இவ்விரு பயனும் போய்விடும். கூலண்டைக் கையேட்டில் கூறிய தவணையில் முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்ப வேண்டும். அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு உண்டென்று கொள்க.

ரேடியேட்டரின் வெளிப்புறத்தில் ஒட்டும் வைக்கோல் தூசியையும் பூச்சிகளையும் மென்மையான நீர்வீச்சால் நீக்கவேண்டும். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுவது ஒரு பெல்ட்டேயாகும். அதில் வெடிப்போ நூல் பிரிதலோ காணின் உடனே மாற்றல் வேண்டும். சூடாயிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும்.

பிரேக்கு

மற்றப் பாகங்கள் பழுதானால் வண்டி நிற்காமற் போவதில்லை. பிரேக்கு பழுதானாலோ வண்டி நிற்பதேயில்லை. பிரேக்குத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதியாது நிற்கவேண்டும். ஈரம் ஏறியபின் அவ்வளவு 140 பாகைக்கு இறங்கிவிடலாம் என்பது அத்தர விதியிலேயே கண்டுள்ளது. பாரத்தோடு பாலத்துச் சரிவில் இறங்கும்போது பிரேக்கு காய்ந்து, ஈரமேறிய திரவம் கொதித்து, குழாயில் ஆவி நிரம்பினால், மிதிகட்டை தரைவரை அமிழும், வண்டி நில்லாது. திரவத்தின் நிறத்தைக் கண்டு மட்டும் இதை அறிய முடியாது. ஆதலின் கையேட்டில் கூறிய காலத்தில் அதை மாற்றுவதே வழி. பிரேக்கு ஷூ, டிஸ்க் பட்டைகள் ஆகியவற்றின் தேய்மானத்தை ஒவ்வொரு தவணையிலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லவேண்டும். மிதிகட்டை வழக்கத்தைவிடக் கீழே இறங்குதல், ஒரு பக்கம் இழுத்தல், உலோகம் உராயும் ஓசை ஆகிய மூன்றும், தவணைக்குக் காத்திராது அன்றே பட்டறைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகளாம்.

டயரும் பாரமும்

காற்றின் அழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவேண்டும். ஓடியபின் சூட்டினால் அழுத்தம் உயர்ந்து காட்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தில் நசுங்கி நசுங்கி உள்ளே சூடேறி வெடித்துவிடும். டயரின் பள்ளங்களுக்கிடையே தேய்மானத்தைக் காட்டும் மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் அமைக்கப்பட்டுள்ளன. டயர் அம்மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மழையில் பிடிப்பு இராது, உடனே மாற்றவேண்டும். மாற்று டயரிலும் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது பலரும் மறக்கும் வேலை.

எத்துணைத் தவணை பார்த்தாலும், அளவுக்கு மிஞ்சிய பாரம் அத்தனையையும் வீணாக்கிவிடும். 50 தாருக்கு அமைந்த வண்டியில் 80 தார் ஏற்றினால் ஒரு நடை மிச்சமாவதுபோல் தோன்றும். ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து முறியும். சக்கரப் பேரிங்குகளும் கிளச்சும் காலத்துக்கு முன் தேயும். பிரேக்கு பிடிக்கும் தூரம் நீளும். சட்டமும் இதை மன்னிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயுமாகும். பாரத்தின்மேல் வேலையாட்களை ஏற்றிச் செல்வது எக்காரணங்கொண்டும் கூடாது. அது சட்டத்துக்கும் மாறானது. ஒரு வெட்டுத் திருப்பத்தில் உயிரையும் வாங்கிவிடும்.

யூரியாவைப் பற்றிய எச்சரிக்கை

பாரத் ஸ்டேஜ் 6 தரத்து டீசல் வண்டிகள் சிலவற்றில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளை மாற்றும் பொருட்டு ஒரு தனித் தொட்டியில் யூரியாத் திரவம் ஊற்றவேண்டியுள்ளது. இது நூற்றுக்கு 32.5 பங்கு மிகச் சுத்தமான யூரியாவும், எஞ்சிய பங்கு உப்பு நீக்கிய நீரும் சேர்ந்த திரவம். யூரியா என்ற பெயரைக் கேட்டவுடன், வீட்டிலுள்ள உர மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்துக் கரைத்து ஊற்றினால் என்ன என்ற எண்ணம் விவசாயிக்கு எழுவது இயல்பே. அவ்வாறு ஒருபோதும் செய்யலாகாது. இந்தியாவில் பயிருக்கென விற்கப்படும் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. அந்த எண்ணெயும், உரத்திலுள்ள பிற அசுத்தங்களும், கிணற்று நீரின் உப்புகளும் தெளிப்பானை அடைத்து, விலையுயர்ந்த வினையூக்கிப் பாத்திரத்தைப் பாழாக்கிவிடும். மேலும், மானிய விலையில் பயிருக்காகத் தரப்படும் உரத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு விரோதமாகும். முத்திரை பிரியாத டப்பாவில் விற்கப்படும் திரவத்தையே வாங்கி, நிழலில் வைத்து உபயோகிக்க வேண்டும். டீசல் தொட்டியில் இதையோ, இதன் தொட்டியில் டீசலையோ தவறி ஊற்றிவிட்டால், சாவியைத் திருப்பாமலே மெக்கானிக்கை வரவழைத்தல் வேண்டும்.

வைக்கோலும் வெள்ளமும்

மேலே சொன்ன கரி வடிகட்டி நிரம்பியதும், எஞ்சின் தானாகவே புகைக்குழாயின் வெப்பத்தை உயர்த்தி அக்கரியை எரித்துவிடுகிறது. அப்போது வடிகட்டியினுள் வெப்பம் 600 பாகை செல்சியஸை ஒட்டி எழும். அச்சமயத்தில் உலர்ந்த வைக்கோலின்மேலோ சருகின்மேலோ வண்டியை நிறுத்தினால் தீப்பற்ற இடமுண்டு. களத்தில் வண்டி நிறுத்தும் இடத்தை முன்னதாகப் பெருக்கிவைப்பதும், வண்டியின் அடியில் சிக்கிய வைக்கோலை நாள்தோறும் நீக்குவதும், ஒரு தீயணைப்புக் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் அறுவடைக் காலத்து விதிகளாக இருத்தல் வேண்டும். வடிகட்டி அடைபட்டது என்ற விளக்கு எரிந்தால் கையேட்டிற் கண்டபடி உடனே செய்தல் வேண்டும். பல நாள் அதைப் பொருட்படுத்தாது குறுந்தூரமே ஓட்டிவந்தால் வடிகட்டியையே மாற்றும்படி ஆகிவிடும்.

கொள்ளிடக் கரைக் கிராமங்களில் வெள்ளக் காலத்தில் வண்டி நீரில் நிற்க நேர்ந்தால், அதை ஓட்டிப் பார்க்க முயலக்கூடாது. காற்றுக் குழாய் வழியே சிலிண்டரில் புகுந்த நீர், அமுங்காத தன்மையால் எஞ்சினின் தண்டை வளைத்துவிடும். நீர் வடிந்தபின் எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பின்னச்சின் எண்ணெய் ஆகிய மூன்றையும் சோதித்து, ஐயம் தோன்றின் மாற்றிவிட்டு, சக்கரப் பேரிங்குகளுக்குக் கிரீஸ் புதிதாக இட்ட பின்னரே வண்டியை வெளியே எடுக்கவேண்டும்.

பதிவேடும் தகுதிச் சான்றும்

வரவு செலவு எழுதுவதுபோல் வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் நலம். தேதி, மீட்டர் காட்டிய அளவு, செய்த வேலை, மாற்றிய சாமான், செலவு, அடுத்த தவணை ஆகிய ஆறு பத்திகள் போதும். பில்களை அதிலேயே ஒட்டிவைக்க வேண்டும். டிரைவர் மாறினாலும் வண்டியின் சரித்திரம் மாறாது நிற்கும். உத்தரவாதக் காலத்தில் பழுது நேர்ந்தால் தவணை தவறவில்லை என்பதற்கு அத்தாட்சியாகும். வண்டியை விற்கும்போதும் நல்ல விலைக்கு உதவும். கூட்டாக வண்டி வைத்திருப்போருக்கு இது மிகமிக அவசியம். பலருக்கும் பொதுவான வண்டியின் எண்ணெயைப் பார்ப்பது ஒருவர் பொறுப்பும் ஆவதில்லை. ஆகவே மாதத்துக்கொருவர் என முறை வைத்துக்கொண்டு, பார்த்தவர் கையெழுத்திடுவதை வழக்கமாக்க வேண்டும்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு நிறையும்வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படல் வேண்டும். ஆண்டு முழுவதும் கவனியாது விட்டு, சோதனைக்கு முந்தின வாரம் எல்லாப் பழுதையும் ஒருசேரப் பார்ப்பது வீண் செலவுக்கும் அலைச்சலுக்கும் இடமாகும். தவணை தவறாத வண்டி எந்த நாளில் சோதிக்கப்பட்டாலும் தேறும்.

பருவத்தோடு பொருத்துதல்

தவணை எந்த நாளில் விழுகிறதோ அந்த நாளில் அறுவடை நடந்துகொண்டிருந்தால், விவசாயி வண்டியை விடமாட்டார். 'இந்த வெட்டு முடியட்டும்' என்று தள்ளிவைப்பார். இதுவே தவணை தவறுவதற்கு முதற் காரணம். ஆகையால் வரவிருக்கும் தவணையைச் சில வாரம் முன்னதாகவே, வேலை ஓய்ந்த நாளில் முடித்துவிடுவதே உத்தமம். முன்னதாகச் செய்வதால் வண்டிக்குக் கேடில்லை. பிந்திச் செய்வதாலேயே கேடு. இப்பிரதேசத்துக்கு ஏற்றதொரு ஏற்பாடு பின்வருமாறு:

பங்குனியில், கோடை முற்றுமுன், கூலண்ட், ரேடியேட்டர், பெல்ட், டயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆடிப் பெருக்கின் புதுப்புனல் வரும் காலத்தில், கரைப்பாதைகள் சேறாகுமுன், கிரீஸ் இடும் இடங்கள் அனைத்திலும் கிரீஸ் இட்டு, ஸ்பிரிங் பட்டைகளையும் சக்கர நட்டுகளையும் இறுக்கிச் சோதிக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டிட்டு மாலை சூட்டுவது எங்கும் வழக்கம். அந்தப் பூஜைக்கு முந்தின வாரத்தையே பெரிய தவணைக்கு உரிய வாரமாக்கிக்கொண்டால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் பிரேக்கு, விளக்குகள், துடைப்பான், பாட்டரி, டீசல் பில்டர் ஆகிய யாவும் ஒழுங்குபடும்.

மார்கழியில் ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக்குப் பூவும், தையில் பொங்கலுக்கு வாழைத்தாரும் இலையும் மிகுதியாகச் செல்லும். கார்த்திகைக் கடைசியில் எண்ணெய், காற்றுப் பில்டர், டயர் ஆகியவற்றை மறுபடி பார்த்துவிட்டால் அவ்விரு மாதமும் வண்டி தடையின்றி ஓடும்.

இவற்றிற்கிடையே கையேட்டின்படி விழும் தவணைகளை விட்டுவிடாது செய்துவருக. நாள்தோறும் புறப்படுமுன் டயர், விளக்கு, பிரேக்கு மிதி, வண்டியின் அடியில் கசிவு ஆகிய நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம் போதும். பன்னிரண்டு மாதம் நீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து, காற்றுக்கும் மழைக்கும் தப்புவித்து வளர்த்த தாரை, கடைசி நாற்பது கிலோமீட்டரில் இழக்காமலிருக்க அந்த ஐந்து நிமிஷத்தை ஒவ்வொரு விவசாயியும் ஒதுக்குதல் கடமையாகும்.